ஐம்பது ஐம்பதாக ஐயாயிரம் பேர்

கோணவாய்ப்பட்டிக்காரர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். "இங்கேயே நில்லு, இதோ வந்துடறேன்" என்று சொல்லிப் போனவன் செத்துப்போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்த ஆள் அந்த ஊரில் உண்டு. அப்பேர்ப்பட்ட ஊர்.

அந்த ஊரில் கரண்டிக் கட்சியின் கிளைச் செயலாளர் பூவலிங்கம். பதினோரு வருஷமாக அவர்தான். பதவிக்குச் சம்பளம் கிடையாது, படி கிடையாது. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் போடுவார்கள், டீக்கடை பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விடுவார்கள். பெண்டாட்டி வடிவாம்பாளே நாலு பேர் இருக்கும்போது, "செயலாளர் சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷர் பழைய சோற்றைக்கூட விருந்து மாதிரி சாப்பிட்டு எழுந்திருப்பார்.

கொரோனா வந்து ஊரே மூக்கை மூடிக்கொண்டிருந்த சமயம், ஒரே நாளில் அவருக்கு இரண்டு கடிதம் வந்தது. ஒன்று கட்சியின் மாவட்டச் செயலாளரிடமிருந்து. அவரை யாரும் பெயர் சொல்வதில்லை, "மாவட்டம்" என்றுதான் சொல்வார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் கோணவாய்ப்பட்டியில் பேசுகிறார், ஐயாயிரம் பேர் வந்து கேட்க வேண்டும், ஓர் ஆள் குறைந்தாலும் பூவலிங்கத்தின் பதவி பறிபோகும். இன்னொரு கடிதம் சுகாதார அலுவலகத்திலிருந்து. கூட்டத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி வேண்டும், எல்லோரும் மாஸ்க் போட வேண்டும், மீறினால் கேஸ்.

வேறு ஊராக இருந்தால் இரண்டில் ஒன்றைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். பூவலிங்கம் இரண்டையும் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செயற்குழுவைக் கூட்டினார். செயற்குழு என்றால் நாலு பேர்: அவர், பொருளாளர் துரைக்கண்ணு, அவைத்தலைவர் ஒண்டிமுத்து, மகளிர் அணிக்கு வடிவாம்பாள். ரேஷன் கடை மைதானத்தின் நாலு மூலையிலும் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்து, இரகசியமாகக் கத்திக் கத்திப் பேசினார்கள். இரண்டு தெரு ஜனம் வாசலில் நின்று கேட்டது.

"தொத்து நேரத்துல கூட்டம் போடலாமா, கூடாதா? இதுதான் கேள்வி," என்று ஒண்டிமுத்து ஆரம்பித்தார். "அதுக்கு முன்னால, கிருமி எந்தக் கட்சின்னு தெரியணும்."

"போன வாரம் எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் போனாங்க," என்றார் துரைக்கண்ணு. "கிருமியும் அங்கதான் போயிருக்கும். நம்ம கூட்டத்துக்கு நம்ம ஆளே வர்றதில்ல, அது எங்க வரப்போகுது?"

இதை எல்லோரும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார்கள். நியாயமாகத்தான் பட்டது.

"கீழத்தெருவுல நாலு வீட்ல காய்ச்சல்ங்க," என்றாள் வடிவாம்பாள். "பேசாம கூட்டத்தையே விட்ருவோமே."

"விட்டா பதவி போயிரும் வடிவு."

"போனா போகட்டுமே."

பூவலிங்கம், பதினோரு வருஷத்தை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாளே என்று மனசு நொந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் துரைக்கண்ணு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். அவர் வேட்டியை இறுக்கினால் யோசனை வருகிறது என்று அர்த்தம்.

"ஐயாயிரம் பேர் கேக்கணும்ங்கிறது ஒரு உத்தரவு. ஐம்பது பேருக்கு மேல கூடாதுங்கிறது இன்னொரு உத்தரவு. ஐம்பது ஐம்பதா நூறு செட்டா உள்ள விட்டா ஐயாயிரம் ஆச்சு. யார் பேச்சையும் மீறல."

மேடையில் நிற்பவர்களும் அந்த ஐம்பதில் சேர்த்தியா என்று பூவலிங்கம் கேட்டார். ஒண்டிமுத்து வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். தரையில் இருப்பதுதான் கூட்டம், மேடையில் நிற்பவர்கள் தலைவர்கள், தலைவர்களைப் போய்க் கூட்டம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். தீர்மானம் நிறைவேறியது.

ஆறடி அளக்க வேண்டுமே. ஊரில் ஆறடி ஆள் ஒண்டிமுத்து ஒருவர்தான். சனிக்கிழமை மத்தியானம் பந்தலுக்குள் அவரைத் தரையில் நீட்டிப் படுக்கவைத்து, தலைமாட்டில் ஒரு நாற்காலி, கால்மாட்டில் ஒரு நாற்காலி என்று போட்டார்கள். அப்புறம் அவரை எழுப்பி அடுத்த இடத்தில் படுக்கவைத்தார்கள். முப்பத்தோராவது நாற்காலிக்குப் படுத்தவர் அசந்து தூங்கிவிட்டார். பெரியவர் தூக்கத்தைக் கலைக்க மனசு வரவில்லை. நாலு பேர் தூக்கித் தூக்கி வைத்து மிச்சத்தையும் அளந்து முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுப்பட்டு ஏழு ஊர் ஜனமும் வந்து இறங்கியது. நாலு மாசம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனம், கழுதைக்குக் கல்யாணம் என்றாலும் வந்திருக்கும். பந்தலைச் சுற்றிக் கயிறு கட்டி ஐம்பது பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். மிச்சம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது பேரும் பக்கத்துச் சந்தில் காத்திருந்தார்கள்.

மாவட்டம் மேடை ஏறியதும் பொன்னாடை போர்த்த வேண்டும். ஆறடி தள்ளி நின்று எப்படிப் போர்த்துவது? வடிவாம்பாள் முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியின் நுனியில் சால்வையைக் கட்டி நீட்டினாள். சால்வை போய்த் தோளில் அழகாக விழுந்தது. துரட்டி திரும்பி வரும்போது மாவட்டத்தின் மூக்குக்கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு வந்தது. அந்நியர் கை பட்ட பொருளாயிற்றே என்று துரைக்கண்ணு அதை வாங்கி ஒரு வாளி சானிடைசரில் ஊறப் போட்டார். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டதற்கு, நன்றாக ஊற வேண்டும் என்றார். கண்ணாடி இல்லாத மாவட்டத்துக்கு எதிரே இருந்தவர்கள் எல்லாம் சாயம் போன கோலமாகத் தெரிந்தார்கள். வடிவாம்பாள் பெண்கள் வரிசையைப் பார்க்கச் சந்துக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூட மணி பூவலிங்கத்தின் கையில். மணி அடித்தால் உள்ளே இருக்கும் ஐம்பது பேர் வெளியே, அடுத்த ஐம்பது பேர் உள்ளே.

முதல் செட்டுக்கு "பெரியோர்களே, தாய்மார்களே" கிடைத்தது. திருப்தியாகப் போனார்கள். மூன்றாவது செட்டிடம் மாவட்டம், "உங்களை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்" என்றார், மணி அடித்துவிட்டது. அந்த ஐம்பது பேரும் வெளியே வந்து, அது என்ன கேள்வி என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது செட்டைப் பார்த்து, நமக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இரண்டு கையையும் தூக்குங்கள் என்றார். ஐம்பது பேரும் தூக்கினார்கள். மணி அடித்தது. யாரும் இறக்கச் சொல்லாததால் தூக்கிய கையோடு வெளியே போனார்கள், அப்படியே பஸ் ஏறினார்கள். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், சட்டைப்பையில் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். எட்டாவது செட்டிடம் மாவட்டம், "சரி, இறக்குங்கள்" என்றார். தூக்காத கையை எப்படி இறக்குவது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரே சொல்லிவிட்டார், எதையாவது இறக்கத்தானே வேண்டும். பை, தண்ணீர் பாட்டில், இடுப்புக் குழந்தை எல்லாவற்றையும் தரையில் இறக்கிவைத்துவிட்டு, மணி அடித்ததும் கிளம்பிப் போனார்கள். குழந்தையை மட்டும் பூவலிங்கம் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இதற்கிடையில் சுகாதார ஆய்வாளர் வந்து சேர்ந்தார். டேப்பை எடுத்துப் பந்தலுக்குள் அளந்தார். ஆறடிக்கு ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை இந்தத் தாலுகாவிலேயே பார்த்ததில்லை என்று பூவலிங்கத்தைப் பாராட்டினார். அப்புறம் சந்துப் பக்கம் திரும்பினார்.

"யோவ், அது என்னய்யா?"

"அது வரிசைங்க ஐயா. கூட்டம் இல்ல."

"ஒருத்தன் முதுகுல ஒருத்தன் ஒட்டிக்கிட்டு நிக்கிறானே?"

"விலகி நின்னா நடுவுல வேற ஆள் புகுந்துருவாங்க ஐயா. ஒழுங்கு கெட்ருமில்ல?"

ஆய்வாளர் தன் உத்தரவை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். வரிசையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

இருபத்து மூன்றாவது செட் வந்தபோது மாவட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்க்கிறார், எப்போதும் அதே ஐம்பது கோலம்தான். "ஐயாயிரம் பேரைக் கூட்டச் சொன்னா, ஐம்பது பேரையே மாஸ்க் போட்டு சுத்திச் சுத்தி விடுறியா? யாரை ஏமாத்தப் பாக்குற?" என்று மைக்கிலேயே கேட்டார். பூவலிங்கம் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், "இந்த நிமிஷத்திலேர்ந்து பூவலிங்கம் கிளைச் செயலாளர் இல்லை. நீக்கிட்டேன்" என்று அறிவித்துவிட்டார்.

பூவலிங்கத்துக்குக் கண்ணீர் வழிந்து மாஸ்க் நனைந்தது. ஆனாலும் நேரமாகிவிட்டதால் மணியை அடித்தார். அடுத்த செட் வந்து உட்கார்ந்தது.

துரைக்கண்ணு கட்சி விதிப் புத்தகத்தைத் திறந்தார். நீக்கம் என்றால் உறுப்பினர் அத்தனை பேருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று விதி. இப்போது கேட்டிருப்பது ஐம்பது பேர்தான், மிச்சம் தொண்ணூற்றொன்பது செட் இருக்கிறது, போனவர்களையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார்.

"கூப்பிடுய்யா! இருக்கிற ஐம்பது பேர்கிட்ட எத்தனை தடவ வேணும்னாலும் சொல்றேன்," என்றார் மாவட்டம்.

பூவலிங்கம் தானே ஓடிப்போய், பஸ் ஏறியவர்கள் உட்பட போனவர்களை எல்லாம் கூட்டிவந்து, மறுபடி முதல் செட்டிலிருந்து வரிசையில் நிறுத்தினார், தானே மணி அடித்தார், தன் நீக்கத்தை ஒருவர்கூடக் கேட்காமல் போய்விடக் கூடாது என்று தானே எண்ணி எண்ணி உள்ளே விட்டார். பன்னிரண்டாவது செட்டில் வடிவாம்பாள் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனபோதுதான் அவரால் தாங்க முடியவில்லை. தூண் மறைவில் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து மறுபடி மணி அடித்தார்.

நாற்பதாவது செட் சமயத்தில் கண்ணாடி ஊறி முடிந்தது. மாவட்டம் அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு செட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள், அடுத்ததில் நொண்டிக்கால் கிழவர் இருந்தார், அடுத்ததில் மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாண ஜோடியே உட்கார்ந்திருந்தது. ஒரு தரம் பார்த்த முகம் மறு தரம் வரவேயில்லை. அவர் குரல் தணிந்தது. எழுபதாவது செட்டுக்கு "பூவலிங்கத்தை நீக்கிட்டேன்" என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நிறுத்திவிடலாமே என்றால், பாதிப் பேருக்கு ஒன்றும் பாதிப் பேருக்கு ஒன்றுமாகச் சொல்லக் கூடாது என்று துரைக்கண்ணு விதிப் புத்தகத்தோடு பக்கத்திலேயே நின்றார்.

தொண்ணூற்றொன்பது செட் முடிந்து, சாயங்காலம் கடைசி ஐம்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். சந்தில் ஆள் இல்லை. உண்மையாகவே ஐயாயிரம் பேர்! மாவட்டம் பூவலிங்கத்தை இழுத்துக் கட்டிக்கொண்டார். ஆறடி எல்லாம் காற்றில் போயிற்று. "என் அரசியல் வாழ்க்கையில நான் சொன்ன ஒரே விஷயத்தை ஐயாயிரம் பேர் உட்கார்ந்து கேட்டது இன்னைக்குத்தான். பூவலிங்கம்தான் செயலாளர். ஆயுசுக்கும் அவர்தான்" என்றார். தொண்டை அதோடு கட்டிக்கொண்டது.

இதையும் மிச்சம் தொண்ணூற்றொன்பது செட்டுக்கும் சொல்ல வேண்டுமே என்று பூவலிங்கம் மணியைத் தூக்குவதற்குள், மாவட்டத்தின் கார் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது.

ஆக, கடைசி ஐம்பது பேருக்கு அவர் செயலாளர். மிச்சப் பேருக்கு நீக்கப்பட்டவர். டீக்கடை பெஞ்சில் யார் தள்ளி உட்கார்கிறார்கள் என்பதை வைத்து, அந்த ஆள் எந்தச் செட் என்று தெரிந்துகொண்டார். வீட்டில்தான் கஷ்டம். "நான் என் காதால கேட்டது நீக்கினதுதாங்க. கேக்காததை எப்படிச் சொல்றது?" என்று வடிவாம்பாள் வெறுமனே "சாப்பிட வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். சோறு இறங்கவில்லை மனுஷருக்கு.

இதைக் கேள்விப்பட்டு அந்த ஐம்பது பேருக்கும் மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறே செயலாளருக்குப் பாராட்டு விழா என்று முடிவு செய்தார்கள். மேடைக்காரன் சாமானை எடுத்துப் போய்விட்டதால் வெறும் மைதானம்தான். கயிறு கட்டி, ஆறடிக்கு ஒரு நாற்காலியாக ஐம்பது போட்டு உட்கார்ந்து, செயலாளருக்கென்று எதிரே ஒரு பெரிய நாற்காலியும் போட்டார்கள். பூவலிங்கம் புது வேட்டி கட்டி, முகமெல்லாம் சிரிப்பாகக் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார்.

துரைக்கண்ணு கயிற்றுக்கு வெளியே நின்று எண்ணிப் பார்த்தார். "ஐம்பத்தொண்ணு ஆகுதே."

மேடை இல்லை, தரையில் இருந்தால் எல்லோரும் கூட்டம்தான் என்று ஒண்டிமுத்துவும் வெளியிலிருந்தே சொல்லிவிட்டார். ஒருவர் வெளியே போயாக வேண்டும். யாரை அனுப்புவது? அந்த ஐம்பது பேரில் ஒருவரைக்கூட இழக்கப் பூவலிங்கத்துக்கு மனமில்லை. உத்தரவு என்றால் உத்தரவுதான் என்று சொல்லி, எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, அவரே கயிற்றைத் தாண்டி வெளியே போய் நின்றார். உள்ளே விழா தொடங்கியது. காலி நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பூவலிங்கமும் வெளியே நின்று கை வலிக்கத் தட்டினார்.

கடைக்குப் போய்க்கொண்டிருந்த வடிவாம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, உள்ள என்ன நடக்குது?"

"செயலாளருக்குப் பாராட்டு விழா வடிவு."

"எங்க, ஆளைக் காணோமே?"

பூவலிங்கம் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் வரல போல. இரு, வந்ததும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிரலாம்."