வடிவு வைத்த மல்லி

“செடி செத்துக்கிட்டு இருக்கு, நீங்க சோறு தின்னுக்கிட்டு இருக்கீங்க!”

மடத்து அடுக்களை வாசலில் நின்று கார்மேகம் கத்தினார். கையெல்லாம் சேறு.

குரு உமையாள் மோர்ச்சோறு பிசைவதை நிறுத்தவில்லை. கார்மேகத்தைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் குரு குருதானே.

“எந்தச் செடி?”

“என் வடிவு வெச்ச மல்லி!”

வடிவு அவர் பெண்டாட்டி. போய்ச் சேர்ந்துவிட்டாள். மடத்துக்கு வந்தபோது கார்மேகம் மாற்றுவேட்டிகூட எடுத்துவரவில்லை. அந்தச் செடியை மட்டும் வேரும் மண்ணுமாகச் சாக்கில் கட்டித் தூக்கிவந்தார். சாயங்காலம் மொட்டு பறிக்கும்போது வடிவு ஒன்றை எடுத்து அவர் காதில் செருகி, “மாப்பிள்ளை வந்துட்டாரு டோய்” என்பாளாம். இந்தக் கதையை மடத்தில் கேட்காத ஆளே கிடையாது. கேட்டுக் கேட்டுச் சலித்தும் போய்விட்டது.

உமையாள் கை கழுவிவிட்டு வந்தார். செடியின் தூரில் மண்ணைக் கிளறி முகர்ந்தார்.

“வேர் அழுகிடுச்சு. தினமும் எத்தனை தடவை தண்ணி ஊத்துறீங்க?”

“அவ நெனப்பு வரும்போதெல்லாம்.”

“அதான்.”

கார்மேகம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உமையாள் நுனியில் பச்சையாக இருந்த ஒரு குச்சியை ஒடித்து நீட்டினார்.

“இது வேற செடிம்மா. அவ வெச்சது இல்ல.”

“அவங்க விதையா போட்டாங்க?”

“மல்லிக்கு ஏது விதை? கல்யாணமாகி வரும்போது அவ அம்மா வீட்டுச் செடியில ஒடிச்சுக்கிட்டு வந்தா.”

“அந்தம்மா?”

“அவங்க பொறந்த வீட்டுல ஒடிச்சது.”

“அதுக்கு முன்னாடி?”

கார்மேகம் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தார். குச்சியை வாங்கிக்கொண்டார்.

“உங்க ரூம் வாசல்ல நடுங்க,” என்று சொல்லிவிட்டு உமையாள் போய்விட்டார்.

குச்சியோடு கிணற்றடியைத் தாண்டும்போது, மடத்துக்குக் கும்பிட வந்த ஒரு ஜோடி நின்றிருந்தது. புதுத் தாலி. மஞ்சள்கூட மங்கவில்லை.

“என்ன குச்சிங்க ஐயா?” என்றாள் அந்தப் பெண்.

“மல்லி.”

“குடுத்து வெச்சவரு! இந்த ஆளு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல. எங்கம்மா வீட்டுலயும் செடி கிடையாது, ஒடிச்சுக்கிட்டு வர.”

“ஏய், சும்மா இரு,” என்றான் புருஷன்.

கார்மேகம் குச்சியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்து நனைத்து, குச்சியின் அடியில் சுற்றினார்.

“இந்தாம்மா. உன் அம்மா வீட்டுதுன்னு வெச்சுக்க.”

குரு நடச் சொன்ன இடத்தில் இன்னும் வெறும் மண்தான்.