புள்ளியை விழுங்கிய கருவி

தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு வயது. வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட மிகவும் இளையவரான பர்வீனிடம் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். கோபப்படுவதை மட்டும் யாரும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பார்வையற்றோருக்கு அச்செழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை பர்வீன் எழுதியிருந்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை, விற்பவர் தான் மாற்றிய மூலநிரலை வாங்கியவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு நிறுவனம் அதை எடுத்துக் கைக்கருவியாக்கி விற்றது. மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொண்டது.

அதை வாங்கிய சகாயமேரி பர்வீனுக்குப் போன் செய்து அழுதாள். அவளுக்குக் கண் தெரியாது. குழந்தையின் காய்ச்சல் மருந்து 2.5 மில்லி. கருவி புள்ளியை விழுங்கிவிட்டு இருபத்தைந்து என்று படித்தது. அவ்வளவா என்று சந்தேகப்பட்டு, பக்கத்து வீட்டில் காட்டிக் கேட்டதால் குழந்தை தப்பியது.

"என் தம்பிக்கு புரோகிராம் தெரியும் மேடம். சோர்ஸ் கோடு கொடுத்தா அவனே சரி பண்ணிடுவான். கேட்டா கம்பெனி ரகசியம்ங்கறாங்க."

தணிகாசலம் நிறுவனத்துக்கு எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். 'உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்.' போன் செய்தால் பாட்டுப் போட்டார்கள்.

"இவங்களுக்கு மரியாதை ஒரு கேடா? கோர்ட்டுக்குப் போயிடலாம் மேடம்."

"இன்னொரு தடவை எழுதிப் பாருங்க சார்."

"எழுதி எழுதி விரல் தேஞ்சு போச்சு!"

ஒருவழியாக வக்கீல் நோட்டீசுக்கு பர்வீன் சம்மதித்தார். அது போய்ச் சேர்ந்ததும் நிறுவனத்தின் மேலாளரே கையில் பென்டிரைவோடு பர்வீன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எல்லாம் இதுல இருக்கு மேடம். எழுதினவங்க நீங்க, உங்களுக்கு இல்லாமலா? வெளியே மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க."

அப்பாடா என்று தணிகாசலம் கையை நீட்டினார். அதற்குள் பர்வீன் தலையாட்டி மறுத்துவிட்டார்.

"எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

மேலாளர் விட்டால் போதுமென்று எழுந்து, வாசலில் ஷூ மாட்டக் குனிந்தார்.

தணிகாசலம் வெடித்தார். "இதுக்குத்தானே நாயா அலைஞ்சேன்! தேடி வந்து கொடுக்கிறதைத் திருப்பி அனுப்புறீங்களே, உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

பர்வீன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் வீடு மாறி வந்துட்டார் சார். கிளம்பறதுக்குள்ள சகாயமேரி அட்ரஸைச் சொல்லி அனுப்புங்க."