ராஜாவுக்குச் சேர வேண்டிய குப்பை

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு நாட்டைப் பெருஞ்சாத்தன் என்ற ராஜா ஆண்டுவந்தான். மனசு தங்கம், புத்திதான் காற்றடிக்கிற பக்கம் சாயும். தலைநகரம் செழிக்கட்டும் என்று நாலு திசையிலிருந்தும் நெசவாளர்களை அழைத்துக் குடிவைத்தான். ஜனம் இரண்டு மடங்காயிற்று. கிணறும் சாக்கடையும் மட்டும் தாத்தா காலத்தில் இருந்தபடியே இருந்தன. சாக்கடை பொங்கிக் கிணற்றில் கலந்தது. நெசவாளர் தெருவில் வாந்திபேதி புகுந்து கைக்குழந்தைகள் சாகத் தொடங்கின.

அமைச்சர் காரியார் அந்தத் தெருவிலிருந்து நேரே சபைக்கு வந்தார். ஒரு குழந்தையைப் புதைக்கத் தூக்கிப் போனதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு உட்காரத் தோன்றவில்லை.

"மகாராஜா, மலையடி ஏரியிலிருந்து குடிதண்ணீருக்கு வாய்க்கால் வேண்டும். கழிவுநீர் போக மூடிய சாக்கடை வேண்டும். குப்பை அள்ள வண்டிகள் வேண்டும். கஜானாவைத் திறக்க உத்தரவு கொடுங்கள்."

ராஜா வாய் திறக்குமுன் வில்லவராயர் கனைத்தார். அமைச்சர் பதவிமேல் கண் வைத்தே தலை நரைத்த பெரிய மனிதர் அவர். "கஜானாப் பொன்னைத்தான் வெற்றி மண்டபத்துக்கு ஒதுக்கியாயிற்றே! அயல்நாட்டுத் தூதர் வந்தால் மண்டபத்தைக் காட்டலாம். சாக்கடையைக் காட்ட முடியுமா?"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். "காரியாரே, கஜானாவைக் கேட்காமல், புது வரி போடாமல், பௌர்ணமிக்குள் வழி பண்ணும். முடியாவிட்டால் அமைச்சர் மோதிரத்தை வில்லவராயரிடம் கொடுத்துவிடும்."

காரியாருக்கு மோதிரம் பெரிதில்லை. அது வில்லவராயர் விரலுக்குப் போனால் அந்தத் தெருவை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். அதுதான் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. விடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

"ஆகட்டும் மகாராஜா. பழைய சட்டம் ஒன்றை மறுபடி தண்டோரா போட அனுமதி கொடுங்கள். தெருவில் கிடப்பதெல்லாம் ராஜாவுக்குச் சொந்தம், கண்டெடுத்தவர் அரண்மனை வாசலில் சேர்க்க வேண்டும் என்கிற சட்டம்."

அதைக் கொண்டுவந்ததே வில்லவராயர்தான். தவறி விழுந்த வளையலும் தோடும் அவர் கைக்குத்தான் வரும். அதில் பாதி எங்கே போகும் என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கு வாயெல்லாம் பல். "அருமையான சட்டம்! ஒரு துரும்பைக்கூட மறுக்காமல் நானே நின்று வாங்கிக்கொள்கிறேன்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும்.

தண்டோரா போட்டாயிற்று. காரியார் தெருத்தெருவாய்ப் போனார். "துரும்பைக்கூட விட்டுவிடாதீர்கள் அம்மா, அது ராஜா சொத்து" என்று கும்பிட்டுச் சொன்னார். ஜனம் புரிந்துகொண்டது.

மறுநாள் காலை வில்லவராயர் அரண்மனை வாசலில் பட்டு விரித்து உட்கார்ந்திருந்தார். முதலில் வந்தவள் பேச்சி, பிள்ளையைப் பறிகொடுத்த நெசவுக்காரி. தலையிலிருந்த குடத்தை இறக்கினாள்.

"என்னடி இது, இப்படி நாறுது?"

"எங்க தெருவுல தேங்கிக் கெடந்த சாக்கடைத் தண்ணிங்க, சாமி. ஒரு சொட்டு கொறையாம கொண்டாந்திருக்கேன்."

பின்னாலேயே ஊர் திரண்டு வந்தது. கூடை கூடையாய்க் குப்பை, குடம் குடமாய்ச் சாக்கடை, அழுகின வாழைமட்டை, செத்த பெருச்சாளி. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்தது! உச்சிப்பொழுதுக்குள் அரண்மனை வாசல் அடைத்துப்போயிற்று. ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு மாடத்திலிருந்து கத்தினான்.

"காரியாரே, இதையெல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லும்!"

"வண்டி இல்லையே, மகாராஜா."

"தண்ணீரையாவது வடியவிடும்!"

"சாக்கடை இல்லையே. தெருவில் ஊற்றினால் சட்டப்படி மறுபடி இங்கேதான் வரும்."

காரியார் பேச்சியை முன்னே அழைத்தார். "உங்கள் வாசலில் இது அரை நாள் கிடந்தது, மகாராஜா. இவள் வாசலில் வருஷக்கணக்காய்க் கிடக்கிறது. இது கலந்த தண்ணீரைக் குடித்துத்தான் இவள் பிள்ளை செத்தான். நீங்கள் வாருங்கள் என்று அழைத்ததால்தான் இந்த நெசவாளர்கள் இந்த ஊருக்கே வந்தார்கள்."

ராஜா கீழே இறங்கி, சேற்றை மிதித்துக்கொண்டு வந்தான். "தாயே, பிழை என்னுடையது" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். "மண்டபப் பொன் முழுவதும் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் வண்டிக்கும்தான். இனி வருஷா வருஷம் வரியில் ஒரு பங்கு இதற்கென்றே நிற்கட்டும். வேறு செலவுக்கு நானே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. காரியாரே, நீர் கஜானாவைக் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுக்கிறேன். மோதிரம் உம் விரலிலேயே இருக்கட்டும்."

வில்லவராயர் நைசாக நழுவப் பார்த்தார். ராஜா விடவில்லை.

"நீர் எங்கே ஓய் போகிறீர்? ஒரு துரும்பைக்கூட மறுக்கமாட்டேன் என்றீரே. இனி தினமும் குப்பை வண்டியோடு தெருத்தெருவாய்ப் போய் நீரே வாங்கி வாரும்!"

சில வருஷம் கழித்து ஒரு தூதர் வந்தார். "வெற்றி மண்டபம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டேனே, எங்கே?" என்றார். ராஜா நெசவாளர் தெருவுக்கு அழைத்துப் போய்த் தரையைக் காலால் தட்டினான். "இதற்குக் கீழேதான், மூடிய சாக்கடையாய் ஓடுகிறது."

தூதர் குனிந்து குனிந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. எதிரே பேச்சியின் இரண்டாவது பிள்ளை ஏரி வாய்க்கால் தண்ணீரைக் கை நிறைய அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தான். ராஜா அவனைக் காட்டினான்.