பள்ளந்தாண்டி எவ்வளவு அகலம்?

ஒரு காட்டில் பன்னிரண்டு வேங்கை மரங்கள் வரிசையாக நின்றன. பல வருடங்களுக்கு முன்பு ஒரு மரங்கொத்தி அவற்றின் பட்டையில் ஒரு கதையைப் படம் படமாகச் செதுக்கி வைத்திருந்தது. பள்ளந்தாண்டி என்ற வீரனின் கதை. பூவரச இலையை முகமூடியாகக் கட்டிக்கொண்டு அவன் ஓடி வருவான். பெரிய பள்ளத்தை ஒரே தாவில் தாண்டி, அக்கரையில் ஓநாய் கட்டிப் போட்டிருக்கும் முயலைக் காப்பாற்றுவான். பன்னிரண்டாவது மரத்தோடு கதை முடிந்துவிடும்.

மற்ற மிருகங்கள் அதை ஒரு தடவை பார்த்து ரசித்துவிட்டு இரை தேடப் போயின. ஓர் உடும்பு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அந்தக் கதையை முழுதாக அறிந்தவர் தாம் ஒருவரே என்பதால், தம்மை உடும்பார் என்றுதான் எல்லாரும் அழைக்க வேண்டும் என்று அது சொல்லி வந்தது. நாமும் அப்படியே அழைத்துவிட்டுப் போவோம், குழந்தைகளே. நமக்கென்ன நஷ்டம்?

உடும்பாருக்கு ஓர் ஆசை இருந்தது. பள்ளந்தாண்டி தாவுவதை ஒரே ஒரு முறை, உயிரும் உடம்புமாகக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். முட்டையை உடைத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து அவருக்கு வேறு ஆசையே கிடையாது. நல்ல ஆசைதான். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. நாலாவது மரத்தில் பள்ளந்தாண்டியின் அம்மா பாம்பு கடித்துச் செத்துப்போகிறாள். ஒன்பதாவது மரத்தில் அதே அம்மா அவனுக்கு நாவல்பழம் ஊட்டுகிறாள். "அது அம்மா இல்ல, சித்தி!" என்றார் உடும்பார். "செத்தவ பிழைச்சு வந்துட்டா!" என்றது கிளி. இதற்காக இரண்டு பேரும் மூன்று வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. காட்டில் பாதி சித்திக் கட்சி, பாதி பிழைத்த கட்சி என்று ஆனது. இந்தச் சண்டையில் இரண்டு முயல்களின் கல்யாணம்கூட நின்றுபோனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியிருக்கையில் கூத்துக்காரி மந்தி தன் குழுவோடு காட்டுக்கு வந்தது.

"பள்ளந்தாண்டி கதையைக் கூத்தாப் போடப் போறோம்! ஒரே நாள் ஆட்டம். பள்ளம் தாண்டுறதும் ஒரே தடவைதான். மழைக்கு முன்னாடி நாங்க வேற காட்டுக்குப் போகணும்" என்று அறிவித்தது.

உடும்பாருக்குச் சந்தோஷத்தில் இரை இறங்கவில்லை. விடிந்ததும் ஒத்திகை நடக்கும் பள்ளத்தோரம் போய் முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டார்.

வேடம் கட்டியது ஒரு மலையணில். பூவரச இலையை முகத்தில் கட்டிக்கொண்டு அது பள்ளத்தை நோக்கி ஓடி வந்தது. ஆட்டத்தன்றுதான் தாவ வேண்டும் என்பதால், விளிம்பு வரை வந்து ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றது. அவ்வளவுதான். உடும்பாருக்கு இவன்தான், இவனேதான் என்று உள்ளே ஏதோ துள்ளியது.

அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிளி முந்திக்கொண்டு ஏதாவது குறை கண்டுபிடித்துவிட்டால் தம் பெயர் என்ன ஆவது? உடும்பார் துள்ளியதை விழுங்கிக்கொண்டு எழுந்தார்.

"நிறுத்து! பள்ளந்தாண்டி இவ்வளவு ஒல்லியா? யாரைக் கேட்டு இந்தச் சுள்ளியைப் போட்டே?"

"அண்ணே, நல்லாத் தாவுது அண்ணே" என்றது மந்தி.

"தாவுறது கிடக்கட்டும். அகலம் எங்கே? ஏழாவது மரத்துல வந்து பாரு. என் வாலால ஒன்றரை வால் அகலம் இருக்கு!"

அகலம் உண்மைதான். மரத்தில் பள்ளந்தாண்டி நெல் கொட்டும் குதிர் மாதிரி இருந்தான். மந்திக்கே குழப்பமாகிவிட்டது. செதுக்கியவரையே கேட்டுவிடுவோம் என்று அடுத்த மலையிலிருந்து மரங்கொத்தியை அழைத்து வந்தது.

மரங்கொத்தி ஏழாவது மரத்தைப் பார்த்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தது.

"அட, நான் ஒல்லியாத்தான்யா செதுக்கினேன். மரம் பருத்துச்சு, கூடவே இவனும் பருத்துட்டான். இன்னும் பத்து வருசம் கழிச்சு வந்தா யானை கணக்கா நிப்பான்!"

யாரும் சிரிக்கவில்லை. கிளி முன்னால் வந்து கேட்டது: "ஐயா, நாலாவது மரத்துல செத்த அம்மா ஒன்பதாவது மரத்துல எப்படி வந்தா?"

"செத்துட்டாளா? நானா சாகடிச்சேன்?" என்றது மரங்கொத்தி. "மறந்தே போச்சு பாரேன்!"

உடும்பாரும் கிளியும் மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த ஆளுக்குப் பள்ளந்தாண்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியலையே" என்றது கிளி.

"வயசாச்சு, மூளை குழம்பிடுச்சு" என்றார் உடும்பார். "இவரை ஊருக்கு அனுப்பிடுங்க."

கதையைப் படைத்தவரைக் கதை தெரியாதவர் என்று விரட்டிவிட்டார்கள். அதோடும் நிற்கவில்லை. உடும்பார் கூத்துக் கொட்டகையின் நடுக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? மந்தி இழுத்தது, கரடி இழுத்தது, பேசிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். அகலமான பள்ளந்தாண்டி வரும்வரை விடமாட்டேன் என்று மூன்று நாள் அப்படியே தொங்கினார். கிளி மேலே உட்கார்ந்து, "விடாதீங்க அண்ணே!" என்று கத்திக்கொண்டே இருந்தது.

மந்திக்குச் சலித்துவிட்டது. "சரி, நீங்களே ஆளைக் காட்டுங்க" என்றது.

உடும்பார் இறங்கி வந்து, காட்டில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தம் வாலால் அளந்தார். மான் போதவில்லை. கரடி மிஞ்சியது. சேற்றில் படுத்திருந்த காட்டுப்பன்றி அணுவும் பிசகாமல் ஒன்றரை வால் இருந்தது.

"நீதாம்பா பள்ளந்தாண்டி!" என்றார் உடும்பார்.

"அது யாரு?" என்றது பன்றி. "சாப்பாடு உண்டா?"

"கிழங்கு உண்டு."

"அப்ப நான்தான்."

மலையணில் முகமூடியைக் கழற்றிப் பன்றியிடம் கொடுத்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது. அந்த இலை பன்றியின் மூக்கை மூடவே போதவில்லை. அதைப் பற்றி உடும்பார் ஒன்றும் சொல்லவில்லை.

கூத்து நாள் வந்தது. காடே திரண்டது. முன்வரிசையில் நட்டநடுவில் உடும்பார். மேளம் முழங்க, பன்றி ஓடி வந்தது. விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தது. கால் வழுக்கி, உருண்டு, பள்ளத்தின் அடியில் போய் விழுந்தது. நல்லவேளை, அடிபடவில்லை. அங்கே கோரைக்கிழங்கு நிறைய இருந்தது. பன்றி தோண்டித் தின்ன ஆரம்பித்துவிட்டது.

"மேலே வாய்யா, முயலைக் காப்பாத்தணும்!" என்று மந்தி கத்தியது.

"முயலுக்கும் வேணுமா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அக்கரையில் கட்டுண்டு கிடந்த முயல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. பிறகு கட்டைத் தானே கடித்து அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. ஓநாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதுவும் போய்விட்டது. காடு வயிறு வலிக்கச் சிரித்தது. கிளியும் சேர்ந்து சிரித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றது. எப்போது சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

மந்தி மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போனது. அங்கே வேங்கை மரங்களும் இல்லை, படங்களும் இல்லை, உடும்பாரும் இல்லை. மலையணிலுக்கே மறுபடி முகமூடியைக் கட்டியது. அங்கே ஆட்டம் முடிந்தால் குழு ஆற்றைக் கடந்து தூர தேசம் போய்விடும் என்று காக்கைகள் பேசிக்கொண்டன.

உடும்பாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை விட்டால் இந்தப் பிறவியில் அந்தத் தாவலைப் பார்க்க முடியாது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். யாராவது கேட்டால், எத்தனை தப்பு என்று எண்ணப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நாள் வயிறு தேய மலை ஏறி இறங்கி, ஆட்டம் நடக்கும் இடத்துக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார். ஓர் ஆமைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

சரியான நேரம். மேளம் தாழ்ந்தது. மலையணில் தூரத்திலிருந்து ஓடி வந்தது. பூவரச இலை காற்றில் படபடத்தது. ஒத்திகையில் உடும்பாருக்கு உள்ளே துள்ளிய அதே சந்தோஷம் மறுபடி பொங்கி வந்தது. அதைத் தாங்கிக்கொண்டு சும்மா உட்கார அவருக்குப் பழக்கமில்லை. பக்கத்திலிருந்த ஆமையின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உனக்குத் தெரியாது. உண்மையான பள்ளந்தாண்டி இவனை மாதிரி இல்ல. ஒன்றரை வால்..."

"உஷ்!" என்றது ஆமை, கண்ணை எடுக்காமல்.

"...ஒன்றரை வால் அகலம். ஏழாவது மரத்துல..."

காடு முழுவதும் ஒரே குரலாக "ஹோ!" என்று எழுந்தது. குருவிகள் கிளைகளிலிருந்து சிதறிப் பறந்தன. ஆமையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது.

"அண்ணே! பார்த்தீங்களா அண்ணே!" என்றது ஆமை.

உடும்பார் வெடுக்கென்று திரும்பினார். மலையணில் அக்கரையில் நின்று முயலின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

நீதி: குறை சொல்லத் திரும்பிய கண்ணுக்காகக் காட்சி காத்திருக்காது.