நானூற்றுப் பன்னிரண்டு கோடுகள்

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையூரில் ஜெயசீலி டீச்சர் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். வயது முப்பத்திரண்டு. அவளிடம் படித்தவர்களில் ஒருவர் பனியடிமை. வயது அறுபத்தொன்று. நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதர், கோடு போட்ட நோட்டோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

அவர் படிக்க வந்தது ஒரே ஒரு கடிதத்துக்காக.

மகன் கஸ்பார் பிப்ரவரி மூன்றாம் தேதி இன்னும் மூன்று பேரோடு கடலுக்குப் போனவன். பத்தொன்பதாம் தேதி அவர்கள் படகு எங்கோ ஒரு வெளிநாட்டுத் தீவின் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. ஆள் யாருமில்லை. உள்ளே சிக்கியிருந்த பையில் இரண்டு சட்டைகளும் ஒரு ஜெபமாலையும் இருந்தன. அவை கஸ்பாருடையவை. அந்த ஊர்த் துறைமுக அலுவலகம் ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்தது. பிறகு கடிதம் போட்டது. மகன் எந்தத் தேதியில் இறந்ததாகக் குடும்பம் கருதுகிறது என்று தகப்பன் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் பொருட்கள் அழிக்கப்படும்.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதித் தாரேன்" என்று டீச்சர் முதல் நாளே சொன்னாள்.

"எம் புள்ள சாவ அடுத்த ஆளா எழுதுறது?" என்றார்.

பாடம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு தேதிக்கு முன்னால் 'ஆன்', மாதத்துக்கு முன்னால் 'இன்', இரண்டு தேதிக்கு நடுவே 'பிட்வீன்', இத்தனை நாளாக என்றால் 'ஃபார்'. எல்லாம் பிடிபட்டது. பத்து என்று சொன்ன பிறகும் 'டே' என்பதன் வாலில் ஒரு 'ஸ்' கேட்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பத்துன்னு சொல்லியாச்சுல்லா? பொறவு என்ன ஸு? நம்பிக்கை இல்லாத சனமா இருக்கும் போல."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஆனால் தன் கடிதத்துக்கு வந்தால் கை நின்றுவிடும். மகன் பிப்ரவரி மூன்றாம் தேதி கடலுக்குப் போனான் என்பது வரை வரும். அடுத்த வரி வராது. தாள் தாளாகக் கிழித்துப் போட்டார். மாதம் முடிய பத்து நாள் இருந்தபோது டீச்சர் கேட்டேவிட்டாள்.

"எங்க முட்டுது ஐயா?"

அவர் பேனா மூடியைத் திருகி மூடினார்.

"எங்க வீட்ல ஒரு பழக்கம். நான் கடலுக்குப் போனா, போன நாள்லேருந்து வீட்டுக்காரி நாளுக்கு ஒரு கோடு செவுத்துல சாக்குக்கட்டியால போடுவா. கரை ஏறுனதும் நானே என் கையால அழிப்பேன். புள்ளைக்கும் போட்டா."

"சரி."

"இன்னும் போடுதா டீச்சர். ஒரு நாள் விடல. அவ அங்க கோடு போட்டுக்கிட்டு இருக்கையில, நான் இங்க உக்காந்து தேதி எழுதவா? எந்தக் கையால எழுதுவேன்?"

டீச்சர் நோட்டை மூடினாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

சாயங்கால வெயில் வாசலில் கிடந்தது. அவர் மனைவி இன்னாசியம்மாள் வந்தவளுக்குப் பாய் விரித்தாள். டீச்சர் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றாள். பத்துப் பத்தாக, வரிசை தப்பாமல், கூரை விளிம்பிலிருந்து இடுப்பளவுக்கு இறங்கியிருந்தன கோடுகள்.

"எத்தனை ஐயா?"

"எண்ணுனதில்ல."

"எண்ணுங்க."

அவர் எண்ணினார். பத்து, இருபது என்று விரலால் தொடாமல், காற்றில் சுட்டி எண்ணினார். நானூற்றுப் பதினொன்றில் முடிந்தது.

"இன்னைக்குள்ளது இன்னும் போடல" என்றாள் இன்னாசியம்மாள்.

ஜன்னல் கட்டையில் சாக்குக்கட்டி இருந்தது. டீச்சர் அதை எடுத்துப் பனியடிமையின் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்குக் கோட்ட நீங்க போடுங்க."

அவர் சுவரருகே போனார். கட்டியை வைத்தார். சுவரில் ஒரு புள்ளி விழுந்தது, அதற்குமேல் இழுக்க முடியவில்லை. கடலில் எத்தனையோ பார்த்த கை அது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"போடாதிய" என்றாள் இன்னாசியம்மாள். "போதும்."

அவர் திரும்பினார்.

அவள் மேல்வரிசைக்குக் கையை உயர்த்தி ஒன்பதாவது கோட்டைத் தொட்டாள். "பதினொண்ணாந் தேதி. அன்னைக்குத்தான் அந்தக் காத்து அடிச்சுது. மத்த படகெல்லாம் கரைக்கு ஓடியாந்துச்சு. அன்னைக்கே எம் புள்ள போயிட்டான். பெத்த வயித்துக்குத் தெரியாதா?"

"அப்ப எதுக்குளா இத்தனை நாளும் போட்ட?"

"நீங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மொதல்ல செவுத்தத்தான் பாப்பிய. ஒரு நாள் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன், ராத்திரி வரைக்கும் கோடு போடல. போடுறவரைக்கும் நீங்க சோத்துல கை வைக்கல."

வெளியே யாரோ மீன் விலை கேட்டுக்கொண்டு போனார்கள்.

பனியடிமை சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். நீர் நிறைந்த கண்ணுக்கு எழுத்து எதுவும் தெரிந்திருக்காது.

"டீச்சர், பதினொண்ணுக்கு முன்னால என்ன வார்த்தை போடணும்? மறந்துபோச்சு."

அவள் அவர் கையிலிருந்து தாளையும் பேனாவையும் வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"அத நாளைக்கு எழுதலாம் ஐயா. நானூத்திப் பன்னெண்டு நாளா ரெண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் அழுதிருக்கிய. இன்னைக்குச் சேந்து அழுங்க."