கதவடைத்த தியானம்

"சாமி, எனக்கு இங்க தியானம் கூடமாட்டேங்குது. வீட்டு மரப்பட்டறையிலதான் கூடுது. ஏன்னே புரியல."

ஆசிரமத்தில் குருவிடம் இப்படிக் கேட்டவர் தண்டபாணி. கொடைக்கானலின் மார்கழிக் குளிரிலும் மரப்பொம்மை செய்வதை விடாதவர். குருவைவிட வயதில் மூத்தவர். குழப்பத்திலும் அப்படியே.

"அங்க என்ன செய்வீங்க?"

"குளிருல விரல் உளியைப் பிடிக்காது, பசை காயாது. அதனால கரியைப் போட்டுக் கணப்புச் சட்டி வச்சுக்குவேன்."

"மரத்தூள்?"

"கூட்டி வெளிய கொட்டிடுவேன். பொறி பட்டா என்னாகும்னு எனக்குத் தெரியாதா?"

"புகை?"

"கரி நல்லாக் கனிஞ்ச பிறகுதான் உள்ள கொண்டுபோவேன். புகையே இருக்காது."

"கதவு, ஜன்னல்?"

"இடுக்கு விடாம சாக்கு வச்சு அடைச்சிடுவேன். அனல் வெளிய போயிடக் கூடாதுல்ல?"

குரு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரத்துல மனசு அடங்கிடும் சாமி. உளி கையை விட்டு நழுவும். நான் யாருங்கிறதே மறந்துபோகும். அப்புறம் தலை வலிக்கும். அகங்காரம் உடையற வலி போலன்னு நினைச்சுக்குவேன்."

"எழுந்து எப்படி வருவீங்க?"

"நான் எங்க வர்றது? என் சம்சாரம் விசாலம் கதவைத் திறந்து, தோளைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டுடுவா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்ங்கிற கதைதான்."

"இப்ப அவங்க எங்க?"

தண்டபாணிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பட்டறையில. அவளும் அனுபவிக்கட்டும்னு நானே கணப்பு மூட்டி உட்காரவச்சுட்டு, நேரா இங்கதான் வர்றேன்."

குரு எழுந்து ஓடினார். செருப்புகூடப் போடவில்லை.

தண்டபாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது ஏதோ சோதனை என்று எண்ணிக்கொண்டு பின்னால் ஓடினார். வீடு அடுத்த தெருதான்.

அதற்குள் குரு ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்திருந்தார். கதவை உதைத்துத் திறந்தார்.

"சாமி, அவ தியானம் கலைஞ்சிடுமே!"

"தியானமா இருந்தா கூப்பிட்டதும் எழுந்திருப்பாங்க. கூப்பிடுங்க."

"விசாலம்."

சுவரில் சாய்ந்திருந்தவள் அசையவில்லை.

"விசாலம்! ஏய், விசாலம்!"

கரி கக்கிய, கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவைச் சுவாசிக்காமல் குரு மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், அவளை இழுத்து வந்து புல்லில் கிடத்தினார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஜீப் எடுக்க ஓடினார்.

தண்டபாணி அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி அழுதார். வாழ்க்கையில் அவர் அப்படிப் பயந்ததே இல்லை.

ஜீப் வந்து நிற்கும் நேரத்தில் அவள் இருமினாள். வாந்தி எடுத்தாள். கண் திறந்து, தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி," என்றார் தண்டபாணி. "அப்ப இத்தனை நாளா நான் எங்கதான் போய்க்கிட்டு இருந்தேன்?"

"இவங்களைக் கேளுங்க," என்றார் குரு. "அங்கேயிருந்து உங்களைத் தினமும் திருப்பிக் கூட்டிட்டு வந்தவங்க."