ஒட்டி மறைத்த சொல்

வாகீசன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராகப் போனபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அங்கே அவருக்கு ஆசிரியையாக அமைந்தவருக்கு முப்பத்து நாலு.

அவர் பெயர் டெல்மா. அந்த ஊரிலேயே பிறந்தவர்.

ஊர் ஆஸ்திரேலியாவின் நடுவில், சிவப்பு மண் பாலைவனத்துக்குள் இருந்தது. அடுத்த நகரத்துக்கு வண்டியில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். பூர்வகுடி மக்கள் முந்நூறு பேர். பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நாற்பது பேர். காலையில் இரண்டு மணி நேரம் அவர்களுடைய சொந்த மொழியில் பாடம். மிச்ச நேரம் ஆங்கிலத்தில்.

அலுவலகக் காகிதத்தில் வாகீசன் ஆசிரியர், டெல்மா உதவியாளர். காலை வேளையில் அது தலைகீழாகிவிடும். டெல்மா படிப்பிப்பார். தன் சொந்த ஊரான கரவெட்டியில் இருபது வருடம் கணக்குப் படிப்பித்த வாகீசன், பின்வரிசையில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துக்கூட்டுவார். அவர் தப்பாகச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

வந்த முதல் நாளே டெல்மா கேட்டிருந்தார்.

“உங்களை எப்படிக் கூப்பிடுவது?”

“வாகீசன்.”

“அது பெயர். நான் முறையைக் கேட்கிறேன்.”

“எனக்கு இங்கே சொந்தம் என்று யாருமில்லையே.”

“முறை தெரியாத ஆளோடு நாங்கள் எப்படிப் பேசுவது?”

டெல்மா கொஞ்சம் யோசித்து ஒரு சொல்லைச் சொன்னார். தாயின் சகோதரனைக் கூப்பிடும் சொல்.

“எங்கள் பாஷையில் அதற்கு மாமா என்று பெயர்,” என்றார் வாகீசன். “அம்மாவின் தங்கையைச் சின்னம்மா என்போம். அவளும் அம்மாதான்.”

“இங்கேயும் அம்மாதான்.” டெல்மா சிரித்தார். “அப்படியானால் பாதிப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், மாமா.”

அன்றிலிருந்து அவர் டெல்மாவை ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டார்.

பள்ளிப் பேருந்தை ஓட்டியவர் டெல்மாவின் சித்தப்பா. அவர்கள் வழக்கத்தில் அவரும் அப்பாதான். பாதையில் பல்லி ஓடினால்கூடப் பேருந்தை நிறுத்திவிடுவார். ஒரு பிள்ளை வாசலில் இல்லையென்றால் இன்ஜினை அணைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு காத்திருப்பார். பேருந்து வந்து சேரும் நேரம்தான் பள்ளி தொடங்கும் நேரம். வாகீசன் கடிகாரத்தைப் பார்ப்பதை இரண்டாம் மாதத்தில் விட்டுவிட்டார்.

அந்த மனிதர் ஒரு கதை சொன்னார். வடக்கிலிருந்து மழை நடந்து வந்து, களைத்துப்போய் உட்கார்ந்த இடம் எப்படி ஊரின் தண்ணீர்க் குட்டையானது என்ற கதை. டெல்மா அதை எழுதினார். பிள்ளைகள் படம் வரைந்தார்கள். வாகீசன் நகரத்துக்குப் போய் அச்சடித்து வந்தார். நாற்பது புத்தகங்கள். பக்கத்துக்குப் பக்கம் மழை என்ற சொல் அவர்கள் மொழியில் பெரிய எழுத்தில் இருந்தது. பிள்ளைகள் முதன்முதலாகத் தாங்களே வாசித்த புத்தகம் அது.

குளிர்காலத்தில் பேருந்து ஓட்டியவர் இறந்துபோனார். சிறுநீரகம் கெட்டு, நகரத்தில் இயந்திரத்தோடு படுத்திருந்தவர், ஊர் திரும்பவில்லை. ஒரு வாரம் பள்ளி நடக்கவில்லை. ஊர் முழுவதும் அழுதது. அவருடைய வீட்டை விட்டு எல்லோரும் வெளியேறி வேறு வீட்டுக்குப் போனார்கள்.

பள்ளி திறந்த நாள் வாகீசன் பிள்ளைகள் முன் நின்று அனுதாபம் சொன்னார். அந்த மனிதரின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார்.

நாற்பது தலைகளும் குனிந்தன.

டெல்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “மாமா, அந்தப் பெயரை இப்போது சொல்லக் கூடாது.”

“எவ்வளவு நாளைக்கு?”

“அவருடைய ஆட்கள் சொல்லும்வரை. ஒரு வருடம். சில சமயம் கூடவும் ஆகும்.”

அந்தப் பெயரும் மழைக்கான சொல்லும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் அந்தச் சொல்லும் போயிற்று. மழையைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் கையை மேலே தூக்கி விரல்களை உதிர்த்துக் காட்டினார்கள். வேறு சொல் எதை வைப்பது என்று பெரியவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்று பின்னேரம் வாகீசன் வகுப்புக்குள் வந்தபோது டெல்மா தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாற்பது புத்தகங்கள். வெள்ளைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், என்ன செய்கிறீர்கள்? இன்னும் ஒன்பது நாளில் கல்வி அதிகாரி வருகிறார்.”

“தெரியும்.”

“பிள்ளைகள் வாசிப்பதைப் பார்த்துத்தான் காலை வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று எழுதப்போகிறார். அவர்களுக்கு வாசிக்கத் தெரிந்தது இந்த ஒரு புத்தகம்.”

“தெரியும், மாமா.”

வாகீசன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறென்னவோ இருந்தது.

“எனக்கு ஒரு தம்பி இருந்தான்,” என்றார். “போரில் போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. மிஞ்சினது பெயர் மட்டும்தான். தினமும் காலையில் எழுந்ததும் ஒரு தடவை சொல்வேன். நானும் சொல்லாவிட்டால் அவன் இருந்தான் என்பதற்கு இந்த உலகத்தில் என்ன இருக்கிறது? நீங்களோ இருக்கிற பெயரை நீங்களே மூடுகிறீர்கள்.”

டெல்மா கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

“அவர் பெயர் என்ன?”

“குகதாசன்.”

“இன்னொரு தடவை சொல்லுங்கள்.”

சொன்னார். டெல்மா ஒவ்வொரு எழுத்தாகத் தானும் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை சரியாக வந்தது.

“நல்ல பெயர்,” என்றார். பிறகு இன்னொரு கத்தரிக்கோலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

வாகீசன் வாங்கிக்கொண்டார். இருவரும் வெளிச்சம் இருக்கும்வரை வெட்டினார்கள், ஒட்டினார்கள். ஆனால் ஒரு புத்தகத்தை மட்டும் வாகீசன் ஒட்டாமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். டெல்மா அதைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

அதிகாரி சின்ன விமானத்தில் வந்து இறங்கினார். திருமதி ஹாலொரன். கெட்ட மனுஷி இல்லை. விமானம் இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

முதலில் ஷனேல் வாசித்தாள். எட்டு வயது. வகுப்பில் அவள்தான் வேகம். நன்றாக வாசித்துக்கொண்டே போய், தாள் ஒட்டிய இடத்தில் நின்றாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு தொடர்ந்தாள். அடுத்த பக்கத்திலும் அப்படியே. அவளுக்குப் பிறகு வாசித்த எல்லோரும் அதே இடத்தில் நின்றார்கள்.

அதிகாரி தன் தாளில் குறித்துக்கொண்டே வந்தார்.

“ஒரே சொல்லில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்களே?”

வாகீசன் விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

“எனக்குப் புரிகிறது. ஆனால் என் படிவத்துக்குப் புரியாதே. கதையின் முக்கியமான சொல் அது. அதை வாசிக்கத் தெரியும் என்பதற்கு ஏதாவது வேண்டும்.”

வாகீசனின் கை பைக்குள் போயிற்று. ஒட்டாத புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். டெல்மாவின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

அதிகாரி அதை ஷனேலின் முன் விரித்து வைத்தார். “இதை மட்டும் வாசி, கண்ணே.”

பக்கத்தில் அந்தச் சொல் கறுப்பாக, பெரிதாக இருந்தது. ஷனேல் அதையே பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். மூன்று மாதம் தினமும் வாசித்த சொல். அவள் உதடு திறக்கவில்லை. மெதுவாகக் கையைக் கொண்டுபோய் உள்ளங்கையால் அந்தச் சொல்லைப் பொத்திக்கொண்டாள். பிறகு மிச்ச வரியை வாசித்தாள்.

“கையை எடு, கண்ணே. ஒரே ஒரு சொல்.”

வாகீசன் எழுந்து வந்தார். புத்தகத்தை மூடித் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

“வேண்டாம், அம்மா. இதைக் கொண்டுவந்தது என் பிழை.”

“அப்படியானால் இந்தச் சொல்லை வாசிக்கவில்லை என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும்.”

“எழுதுங்கள்.”

விமானம் இரண்டு மணிக்குப் போயிற்று. வாகீசன் வெறும் வகுப்பில் உட்கார்ந்து அந்த ஒரு புத்தகத்துக்கும் தாள் வெட்டி ஒட்டினார். டெல்மா தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். குடித்துப் பார்த்தால் சர்க்கரை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. காலை வகுப்பு இன்னும் ஒரு வருடம் நடக்கலாம், பிறகு மறுபடி பார்க்கப்படும் என்று அதில் இருந்தது. கீழே அதிகாரி கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘ஒரு சொல்லைத் தவிர எல்லாவற்றையும் வாசிக்கிறார்கள்.’

அந்த வாரமே வேறொரு ஊரிலிருந்து டார்சி என்ற சிறுமி தன் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மொழி ஒன்றுதான். ஊர் வேறு. அவளுக்கும் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். டார்சி கடகடவென்று வாசித்தாள். தாள் ஒட்டிய இடம் வந்தது. நிற்காமல் அதைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போனாள்.

வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

“என்ன?” என்றாள் டார்சி. “இங்கேதான் ஒன்றும் இல்லையே. தாள்தானே ஒட்டியிருக்கிறது?”

அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பேருந்து ஓட்டுவாரே, அவருக்கு முன்பல் ஒன்று கிடையாது என்றான் ஒருவன். கால்பந்தில் நடுவராக நின்றால் தோற்கிற பக்கத்துக்குத்தான் கோல் கொடுப்பார் என்றான் இன்னொருவன். எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்றாள் ஷனேல். சிரிப்பாரே, எப்படிச் சிரிப்பார் தெரியுமா என்று நாலைந்து பேர் சிரித்துக் காட்டினார்கள். பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. டெல்மா தடுக்கவில்லை. பாடம் அத்தோடு முடிந்தது.

பிள்ளைகள் போன பிறகு வாகீசன் கேட்டார்.

“டீச்சர், உங்களுக்குப் பயமே இல்லையா? வருடக்கணக்காக யாரும் சொல்லாமல் இருந்தால் மறந்துபோகாதா?”

டெல்மா புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“டார்சி ஏன் நிற்காமல் வாசித்தாள்?”

“அவளுக்கு அவரைத் தெரியாது.”

“மற்றவர்கள்?”

“எல்லோரும் நின்றார்களே.”

டெல்மா கடைசிப் புத்தகத்தையும் அடுக்கின் மேல் வைத்தார்.

“மறந்துபோனவர்களுக்கு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எப்படித் தெரியும், மாமா?”